புற்றை விட்டுவிட்டுக் கரையானைத் தேடுகிறோம்

ஈசல் பறந்து ஓய்ந்த பிறகு வயல் வரப்பில் நிற்கும் புற்றை இடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் நாலு போட்டுக்குக் கடப்பாரை திரும்பித்தான் வரும். மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் கரையான் கட்டிய வீடு அது. கட்டிய கரையானையோ விரல் நுனியில் வைத்து லேசாக அழுத்தினால் நசுங்கிவிடும். மெத்தென்ற பூச்சிக்குக் கல் மாதிரி ஒரு வீடு. கேன்சர் என்ற நோய்க்குப் புற்று என்று பெயர் வைத்த நம் முன்னோர் எதை நினைத்து வைத்தார்களோ தெரியாது. ஆனால், பூச்சியின் பெயரை விட்டுவிட்டு வீட்டின் பெயரை வைத்தார்கள். கிரேக்கர்கள் நண்டு என்றார்கள். கட்டியைச் சுற்றிப் புடைத்து நின்ற ரத்தக் குழாய்கள் அவர்கள் கண்ணுக்கு நண்டின் கால்களாகத் தெரிந்தன. இரண்டு பெயருமே நோயின் சுற்றுப்புறத்தைப் பார்த்து வைத்தவை.

மைக்ராஸ்கோப் வந்ததும் எல்லோருடைய கண்ணும் செல்லின் மேல் போயிற்று. அப்புறம் செல்லுக்குள் இருக்கும் மரபணுவின் மேல். அதில் கிடைத்த பலன்களைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால், அந்த மும்முரத்தில் புற்றை மறந்துபோனோம். இப்போது ஊசிக்கு லட்சக்கணக்கில் விலை வைத்து விற்கப்படும், உடம்பின் எதிர்ப்பு சக்தியை முடுக்கிவிடும் இம்யூனோதெரபி பலருக்கு ஏன் பலிக்கவில்லை என்று தேடப்போய், மருத்துவ உலகம் மறுபடியும் அந்த மண்சுவரின் முன்னால் வந்து நிற்கிறது. அந்தச் சுவர் எழும்புவதை வெறும் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. பாக்கு மெல்லும் நம்மூர்க்காரர் ஒருவரை வாயைத் திறக்கச் சொன்னால் போதும். அதற்குப் பிறகு வருகிறேன்.

மார்பில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் மருத்துவரின் விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படுகிறதே, அந்தக் கெட்டித்தனத்தில் பெரும்பங்கு புற்றுநோய் செல்லுடையது அல்ல. சுற்றிலும் பின்னிக் கிடக்கும் கொலாஜன் என்ற நார்ப் புரதத்துடையது. தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தருகிற அதே பொருள். அதைச் சுரப்பவை நார்த்திசு செல்கள், அதாவது நம் உடம்பின் சொந்தக் கொத்தனார்கள். வெட்டுக்காயம் பட்டால் ஓடி வந்து அடைத்து, தழும்பு கட்டி, வேலை முடிந்ததும் கலைந்து போகிறவர்கள். புற்றுநோய் அவர்களைக் கலைய விடுவதில்லை. ஹெரால்ட் ட்வோராக் என்ற அமெரிக்க நோய்க்கூறியல் நிபுணர் 1986இல், புற்றுக்கட்டி என்பது ஆறாத புண் என்று எழுதினார். இத்துறையில் இத்தனை சுருக்கமாக, இத்தனை சரியாகச் சொன்ன இன்னொருவரை எனக்குத் தெரியாது. கணையப் புற்றில் இந்தக் கொத்து வேலை உச்சத்துக்குப் போய்விடுகிறது. வெட்டியெடுத்த கட்டியின் பருமனில் 80 சதவீதத்துக்கும் மேல் நாரும் அதைச் சார்ந்த செல்களுமாக இருப்பதுண்டு. நோய் செல்கள் அதற்குள் அங்கங்கே குடியிருக்கும் சிறுபான்மை. நார் மிகுந்த மார்புக் கட்டியைக் கத்தியால் அறுக்கும்போது காயான கொய்யாவை அறுப்பதுபோல் கறகறக்கும்.

விறைப்புக்குக் கணக்கும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் வலெரி வீவரின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பான மார்புத் திசுவின் விறைப்பு சுமார் 200 பாஸ்கல், கட்டியினுடையது சுமார் 4,000 பாஸ்கல். இருபது மடங்கு. இளநீர் வழுக்கையையும் முற்றிய தேங்காயையும் அடுத்தடுத்துத் தொட்டுப் பார்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் செய்த சோதனை இன்னும் சுவாரசியமானது. ஒரே வகை மார்பு செல்களை மெத்தென்ற கூழிலும் விறைப்பான கூழிலும் வளர்த்தார்கள். மெத்தென்ற கூழில் அவை உருண்டையாக, ஒழுங்காக, சுரப்பி போல் கூடி அமர்ந்தன. விறைப்பான கூழில் ஒழுங்கு குலைந்து கண்டபடி பெருகின. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது தரையின் விறைப்பு மட்டுமே. கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு இறுக்குவது லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி என்பதையும் அதே குழு 2009இல் காட்டியது. இந்த நொதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம்மூர்க் கதையில் மறுபடி வரும்.

யோசனை புதியதல்ல. 1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். கல்லீரலுக்குப் பரவியது 241 பேருக்கு, மண்ணீரலுக்கு 17 பேருக்குத்தான். இரண்டுக்கும் ரத்தம் தாராளமாகப் போகிறது. பின் ஏன் இத்தனை வித்தியாசம்? விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மருத்துவ உலகத்துக்கு நூறு ஆண்டு ஆயிற்று.

அந்த நூறு ஆண்டுகளின் முடிவில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லாமல் போக மனமில்லை. கோழிகளுக்குப் புற்றை உண்டாக்கும் வைரஸை 1911இல் பெய்டன் ரௌஸ் கண்டுபிடித்தார். அதற்கு 1966இல் நோபல் கிடைத்தது. அந்த வைரஸைக் கோழிக்குஞ்சின் இறக்கையில் செலுத்தினால் சில நாளில் கட்டி வரும். ஈரானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மினா பிஸ்ஸெல்லும் அவர் மாணவரும் 1984இல் அதே வைரஸை முட்டைக்குள் இருக்கும் கருவில் செலுத்தினார்கள். வைரஸ் நுழைந்தது, அதன் புற்று மரபணு வேலையும் செய்தது. கட்டி மட்டும் வரவில்லை. கருவின் சூழல் அதற்கு இடம் தரவில்லை. அடுத்த ஆண்டு இன்னொன்று. குஞ்சின் ஒரு இறக்கையில் வைரஸைச் செலுத்திவிட்டு மறு இறக்கையில் சின்னக் காயம் செய்தார்கள். காயம்பட்ட இடத்திலும் கட்டி முளைத்தது. வைரஸும் மரபணுவும் இரண்டு சோதனையிலும் மாறவே இல்லை. மாறியது மண்.

இப்போது எதிர்ப்பு சக்தி விஷயத்துக்கு வருவோம். உடம்பில் ரோந்து சுற்றும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் புற்றுநோய் செல்லை அடையாளம் கண்டு கொல்லக் கூடியவை. அவற்றின் மேல் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் பிரேக்குகள் உண்டு. அந்த பிரேக்கைப் பிடித்து நிறுத்தித்தான் புற்று தப்பிக்கிறது. பிரேக்கை விடுவிக்கும் வழியைக் காட்டிய ஜேம்ஸ் ஆலிசனுக்கும் ஜப்பானின் தசுகு ஹோஞ்ஜோவுக்கும் 2018இல் நோபல் கொடுத்தார்கள். தகுதியான பரிசு. மெலனோமா என்ற தோல் புற்று உடம்பெங்கும் பரவிவிட்டால் ஒரு காலத்தில் மாதங்களை எண்ண வேண்டியதுதான். பிரேக்கை விடுவிக்கும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டவர்களில் 43 சதவீதத்தினர் 10 ஆண்டு கழித்தும் உயிரோடு இருக்கிறார்கள் என்று 2024இல் வந்த ஆய்வு சொன்னது. ஆனால், அதே மருந்து கணையப் புற்றில், அபூர்வமான ஒரு மரபணுப் பிரிவினரைத் தவிர, ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. பிரேக்கை விடுவித்தாயிற்று, வண்டி நகரவில்லை. சாலையே இல்லாத இடத்தில் வண்டி எப்படி ஓடும்?

நோய்க்கூறியல் அறையில் மைக்ராஸ்கோப்பின் அடியில் வைக்கும் கண்ணாடித் துண்டில் இதை நேராகப் பார்க்கலாம். சாயம் ஏற்றிய பிறகு கொலாஜன் இளஞ்சிவப்பு ரிப்பன்களாக அலையலையாகத் தெரியும். நடுநடுவே ஊதா நிறத்தில் புற்றுநோய் செல்களின் கூட்டம். டி செல்கள் உள்ளிட்ட லிம்போசைட்டுகள் கருநீலப் புள்ளிகள், கடுகைத் தூவியது போல. சில கட்டிகளில் இந்தக் கடுகு ஊதாக் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து கிடக்கும். சிலவற்றில் கடுகே இருக்காது. நிறையக் கட்டிகளில் மூன்றாவது வகைக் காட்சி: கடுகு ஏராளமாக வந்திருக்கிறது, ஆனால் இளஞ்சிவப்பு ரிப்பனின் வெளியோரத்தில் வரிசை கட்டி நிற்கிறது. படை வந்துவிட்டது, கோட்டை வாசலில் நிற்கிறது. பாரிஸைச் சேர்ந்த ஜெரோம் காலோன் குழு 2006இல் பெருங்குடல் புற்றில் இதை எண்ணிப் பார்த்து, வெள்ளணுக்கள் எத்தனை, எங்கே நிற்கின்றன என்பது நோயாளியின் எதிர்காலத்தை நன்றாகவே முன்கூட்டிச் சொல்கிறது என்று நிறுவியது.

வாசலில் ஏன் நிற்கின்றன? பாரிஸில் இன்னொரு குழு, நுரையீரல் புற்று நோயாளிகளிடமிருந்து அறுவையில் எடுத்த கட்டியை உயிரோடு மெல்லிய துண்டுகளாகச் சீவி, டி செல்கள் அதில் நடமாடுவதைப் படம் பிடித்தது. 2012இல் வெளியான ஆய்வு அது. நார் தளர்வாக இருந்த இடங்களில் டி செல்கள் சுறுசுறுப்பாக ஓடின. நோய் செல் கூட்டத்தைச் சுற்றி நார் அடர்ந்து, கூட்டத்துக்கு இணையாகப் பாய் முடைந்தது போல் ஓடிய இடத்தில், அந்த நாரின் போக்கிலேயே வெளியே சுற்றிச் சுற்றி வந்தன. உள்ளே திரும்ப வழி கிடைக்கவில்லை. நாரைக் கரைக்கும் நொதியை ஊற்றியதும் நோய் செல்களைத் தொட்டன.

எலிக்குத் தலை நுழைந்தால் உடம்பு நுழையும் என்பார்கள். டி செல்லுக்குத் தலை அதன் உட்கரு. செல்லின் மற்ற பாகமெல்லாம் ரப்பர் போல நீண்டு நெளிந்து போகும்; உட்கரு மட்டும் கெட்டி. நார் வலையின் கண்ணி அதைவிட மிகவும் சிறுத்துவிட்டால் உட்கரு சிக்கிக்கொள்கிறது. வழக்கமாகச் சோதிக்கும் மூன்று ஏற்பிகளும் இல்லாத ஒரு மார்புப் புற்று வகையில், நோய் செல்லின் மேலிருக்கும் டிடிஆர்1 என்ற புரதம்தான் நார்களை இப்படி நேராக இழுத்துக் கட்டி வேலி போடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2021இல் எலிகளில் காட்டினார்கள். அந்தப் புரதத்தை நீக்கியதும் வேலி கலைந்தது, டி செல்கள் நுழைந்தன. கொத்தனார் நம் ஆள், மேஸ்திரி எதிரியின் ஆள்!

நார் ஒன்றுதான் தடை என்றால்கூடச் சமாளித்துவிடலாம். உள்ளே நீர் அழுத்தம் வேறு. இதை விளக்கிச் சொன்னவர் மருத்துவர் அல்ல, ஒரு கெமிக்கல் இன்ஜினீயர். உத்தரப் பிரதேசத்தின் லலித்பூரில் பிறந்து, கான்பூர் ஐஐடியில் படித்து, ஹார்வர்டில் பேராசிரியரான ராகேஷ் ஜெயின். குழாய், அழுத்தம், ஓட்டம் என்று யோசித்தே பழகியவர் புற்றுக்கட்டியைப் பார்த்ததும் ஒரு மோசமான குழாய் வேலையைப் பார்த்தார். கட்டி அவசர அவசரமாக வளர்த்துக்கொள்ளும் ரத்தக் குழாய்கள் கோணல்மாணலானவை, ஓட்டையானவை. நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. வடிகாலாக இருக்க வேண்டிய நிணநீர்க் குழாய்கள் நசுங்கிக் கிடக்கின்றன. இயல்பான திசுவில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் இந்த நீர் அழுத்தம் கட்டிக்குள் ரத்தக் குழாயின் அழுத்தத்துக்கே சமமாக ஏறிவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்றால் மருந்து குழாயை விட்டு எப்படி உள்ளே இறங்கும்? சாக்கடை அடைத்த தெருவில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்த சென்னைவாசிக்கு இதை விளக்க வேண்டாம். இம்யூனோதெரபி மருந்துகள் பெரும்பாலும் ஆன்டிபாடிகள், பருத்த மூலக்கூறுகள். ஓட்டம் இல்லாவிட்டால் அவை நகரவே படாதபாடு படும்.

குழாய் வேலை கெட்டால் மூச்சும் கெடும். ரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் பரவிப் போகும் தூரம் மிகக் குறைவு. இரண்டு தலைமுடியின் பருமன் அளவுதான். 1955இல் தாம்லின்சன், கிரே என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றில் அளந்து காட்டிய கணக்கு இது. அதற்கு அப்பால் இருக்கும் செல்கள் திணறுகின்றன, சர்க்கரையை அரைகுறையாக எரித்து லாக்டிக் அமிலத்தைத் துப்புகின்றன. சுற்றுப்புறம் புளிக்கிறது. திணறலுக்கும் புளிப்புக்கும் புற்றுநோய் செல் பழகிக்கொள்ளும்; டி செல் சோர்ந்துபோகும். செத்த செல்களிலிருந்து கசியும் பொட்டாசியமே டி செல்களை மந்தப்படுத்துகிறது என்றும் 2016இல் ஓர் ஆய்வு வந்தது. உடனே இளநீர் குடிக்கலாமா என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். இது கட்டிக்குள், செல்களின் இடுக்கில் தேங்கும் பொட்டாசியம். நாம் சாப்பிடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காரத் தண்ணீர் குடித்தால் புற்றின் புளிப்பு மாறும் என்று இயந்திரம் விற்பவர்களுக்கும் இதே பதில்தான். ரத்தத்தின் கார அமில அளவை நுரையீரலும் சிறுநீரகமும் ஒரு நூல் அசையாமல் காக்கின்றன. குடிக்கிற தண்ணீர் கட்டிக்குள் போய் அதை மாற்றாது.

கரையான் உவமையை நான் வலிந்து இழுக்கிறேன் என்று யாராவது நினைத்தால், இதையும் கேட்க வேண்டும். வீடு கல்லாக இருக்க, புற்றுநோய் செல் மட்டும் இயல்பான செல்லைவிட மென்மையாக இருப்பதுண்டு. டி செல் கொல்லும் முறை கிட்டத்தட்ட துளை போடுவது. எதிரியின் மேலுறையை இறுக்கிப் பிடித்து, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் ஓட்டை போட்டு, நஞ்சைச் செலுத்தும். இறுக்கமான பலூனில் ஊசி இறங்கும்; தொளதொளத்த பலூனில் வழுக்கும். சுவிட்சர்லாந்தின் லோசானில் ஆய்வாளர்கள் 2021இல் புற்றுநோய் செல்லின் மேலுறையிலிருந்து கொலஸ்ட்ராலைக் குறைத்து அதை விறைப்பாக்கினார்கள். டி செல்கள் கொல்லும் வேகம் கூடியது. ஆக, வேலி கெட்டியாக இருப்பதும் எதிரிக்கு லாபம், தான் மென்மையாக இருப்பதும் எதிரிக்கு லாபம்.

அப்படியானால் புற்றை இடித்துவிட்டால் தீர்ந்ததா? அப்படித்தான் நினைத்தார்கள். 2009இல் கணையப் புற்று எலிகளில் நார்த்திசுவைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது கீமோ நன்றாக உள்ளே இறங்கியது. உற்சாகமாக நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2012இல் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. புது மருந்து எடுத்தவர்களின் நிலை, எடுக்காதவர்களைவிட மோசமாக இருந்தது. 2014இல் வந்த எலி ஆய்வுகள் காரணத்தைச் சொன்னன. கொத்தனார்களை மொத்தமாக விரட்டினால் கட்டி இன்னும் வெறிபிடித்துப் பரவுகிறது. அந்தச் சுவர் டி செல்லை வெளியே நிறுத்தியதோடு நோயையும் ஓரளவு உள்ளே அடைத்து வைத்திருந்தது. புற்றை இடித்தவர்களுக்கு இதுவும் தெரியும்: உள்ளிருந்து பாம்பு வரலாம். நீரை உறிஞ்சி உப்பிக் கிடக்கும் ஹயலுரோனன் என்ற கூழைக் கரைக்கும் நொதியைக் கணையப் புற்றில் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையும் 2019இல் தோற்றது. ஆயுள் கூடவில்லை.

இடிப்பதைவிடச் சீரமைப்பதில் பலன் இருக்கிறது என்று ஜெயின் 2001இலிருந்தே சொல்லிவந்தார். புற்றுக்குப் போகும் ரத்தக் குழாய்களை அழித்து அதைப் பட்டினி போடுவதே குறி என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், அளவாகக் கொடுத்தால் அதே மருந்து கோணல் குழாய்களை நேராக்கும், கசிவை அடைக்கும், அப்போது மருந்தும் மூச்சும் படையும் உள்ளே போகும் என்றார். குழாயை அழிக்க வந்த மருந்தைக் குழாய் ரிப்பேருக்குப் பயன்படுத்தச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கத்தானே செய்வார்கள். 2020இல் கல்லீரல் புற்றில் அந்த வகை மருந்தான பெவாசிசுமேப்பையும் இம்யூனோதெரபி மருந்தான அட்டிசோலிசுமேப்பையும் சேர்த்துக் கொடுத்தபோது ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 67 சதவீதம். பழைய மருந்தில் 55 சதவீதம். கல்லீரல் புற்று பெரும்பாலும் சிரோசிஸால் ஏற்கெனவே தழும்பேறி இறுகிய கல்லீரலில் முளைப்பது என்பதையும் இங்கே சேர்த்து யோசிக்கலாம்.

ஜெயின் குழுவின் இன்னொரு யோசனை எனக்கு இன்னும் பிடித்தது, ஏனென்றால் அது மலிவு. லோசார்ட்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரை கொலாஜன் உற்பத்தியையும் மட்டுப்படுத்துகிறது. நம் வீடுகளில் அப்பாவோ பெரியம்மாவோ தினம் விழுங்கும் அதே மாத்திரை. அறுவை செய்ய முடியாத நிலையிலிருந்த கணையப் புற்று நோயாளிகள் 49 பேருக்கு பாஸ்டனில் கீமோவோடும் கதிர்வீச்சோடும் இதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 2019இல் வந்த முடிவின்படி 61 சதவீதத்தினருக்குக் கட்டியை முழுமையாக வெட்டியெடுக்க முடிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மறு குழு இல்லாத சின்ன ஆய்வு. இதை வைத்துக்கொண்டு யாரும் மருந்துக் கடைக்கு ஓடக் கூடாது. ரத்த அழுத்தம் சரியாக இருப்பவர் தானாக விழுங்கினால் மயங்கி விழலாம். ஆனால், பெரிய அளவில் சோதித்துப் பார்க்கத் தகுதியான யோசனை. காப்புரிமை முடிந்த, ஸ்ட்ரிப் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரையைச் சோதிக்க எந்த நிறுவனம் கோடிக்கணக்கில் பணம் போடும்? அரசுதான் போட வேண்டும்.

இப்போது நம்மூர் வாய்க்கு வருகிறேன்.

அரசு பல் மருத்துவக் கல்லூரியின் புறநோயாளிப் பிரிவில் இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அன்றாடம் பார்க்கும் காட்சிதான். ரசம் சாப்பிட்டாலும் எரிகிறது என்று வந்திருக்கிறார். வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியவில்லை. கன்னத்தின் உட்புறம் ரோஜா நிறம் போய்ச் சலவைக்கல் மாதிரி வெளுத்திருக்கிறது. மருத்துவர் விரலை வைத்துத் தடவினால் கன்னத்துக்குள் மேலிருந்து கீழாகக் கயிறு கயிறாகத் தட்டுப்படுகிறது. விசிலடிக்க வராது, பலூன் ஊத வராது. பாக்கு போடுவீங்களா தம்பி என்று கேட்டால், எப்பவாவது சார், என்பார். சட்டைப் பையில் பாக்குத்தூள் பாக்கெட் இருக்கும்.

இதற்கு ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். வாயின் உள்ளடுக்கு நாராக இறுகுவது. 1952இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேரிடம் இதை முதலில் விவரித்தார்கள். அடுத்த ஆண்டு பம்பாயில் ஜோஷி என்ற மருத்துவர் இப்போதைய பெயரை வைத்தார். கணையப் புற்றில் கட்டி வந்த பின் எழும்பும் சுவர், இங்கே கட்டி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழும்பிவிடுகிறது. வழிமுறையும் அதேதான். பாக்கிலுள்ள அரிகோலின் நார்த்திசு செல்களை முடுக்கிவிடுகிறது. பாக்கில் தாமிரச் சத்து அதிகம். அது முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த லைசில் ஆக்சிடேஸ் நொதியைத் தூண்டுகிறது. நார்கள் முடிச்சு விழுந்து இறுகுகின்றன. மூன்றாவதாகத் துவர்ப்பு. பாக்கின் துவர்ப்பு டானின்களிலிருந்து வருவது. டானின் கொலாஜனைப் பிணைத்து, நொதிகள் அதைக் கரைக்க முடியாதபடி செய்துவிடும். ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்துத் தோல் பதனிட்ட ஊர்க்காரர்கள் நாம். தோலிலுள்ள கொலாஜனை டானின் பிடித்துக்கொள்வதால்தான் அது அழுகாமல் செருப்பாகிறது. பாக்கை அடக்கிய கன்னம் ஒரு சின்னத் தோல் பதனிடும் தொட்டி. ரத்தக் குழாய்கள் நாருக்குள் நெருக்குண்டு குறைகின்றன, அந்த இடமே மூச்சுத் திணறுகிறது.

எறணாகுளம் மாவட்டத்தில் இந்நோயாளிகளை 17 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில் 7.6 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் பாக்கையே, புகையிலை கலக்காத வெறும் பாக்கையே, மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் பொருள் என்று முதல் வகையில் சேர்த்துவிட்டது. 2022இல் உலகம் முழுக்க மெல்லும் புகையிலையாலும் பாக்காலும் வாய்ப்புற்று வந்தவர்கள் ஏறக்குறைய 1.2 லட்சம் பேர். அவர்களில் சுமார் 83,000 பேர் இந்தியர்கள் என்று அதே முகமை கணக்கிட்டது. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுகளில் வாய்ப்புற்றுதான் முதலிடம்.

கணையப் புற்றில் தோற்றுப்போனது என்று சொன்னேனே, ஹயலுரோனனைக் கரைக்கும் நொதி; அதே வகை நொதியைத்தான் நம் பல் மருத்துவக் கல்லூரிகளில் பல பத்தாண்டுகளாக இந்த இறுகிய கன்னத்துக்குள் ஸ்டீராய்டோடு சேர்த்து ஊசியாகப் போடுகிறார்கள். ஓரளவு வாய் திறக்கும், எரிச்சல் குறையும். முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. திசு இறுகி, பின் அதே இடத்தில் நோய் பிறப்பதை ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதற்கு இதைவிடத் தோதான நோய் உலகில் இல்லை. அதற்கான நோயாளிகள் நம்மிடம் வரிசையில் நிற்கிறார்கள். இந்தத் துறையின் தலைமை ஆய்வுகள் பாஸ்டனிலும் பாரிஸிலும் நடக்கின்றன. நாம் ஊசி போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது கோபம் வருகிற விஷயம்.

முடியாதது அல்ல என்பதற்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை சாட்சி. தலை, கழுத்துப் பகுதிப் புற்று முற்றிய நோயாளிகளுக்கு, நிவோலுமேப் என்ற இம்யூனோதெரபி மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். கூடவே வாய்வழி மாத்திரைகள் மூன்று, குறைந்த அளவில். அவற்றில் ஒன்று மூட்டுவலிக்குக் கொடுக்கும் செலிகாக்ஸிப். இப்படிச் சிறுகச் சிறுகக் கொடுக்கும் மருந்துகள் நோய் செல்லைவிட அதைச் சுற்றியுள்ள குழாய்களையும் அழற்சியையும் குறிவைப்பவை என்று கருதப்படுகின்றன. மாத்திரைகளை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16 சதவீதம். நிவோலுமேப்பும் சேர்ந்தபோது 43 சதவீதம். மருந்து நிறுவனத்தின் அட்டவணையைத் தள்ளிவைத்துவிட்டு, நம் நோயாளியின் சட்டைப் பையைப் பார்த்துச் சிந்தித்ததால் கிடைத்த விடை இது.

அரசிடம் கேட்க வேண்டியவை பெரிய செலவில்லாதவை. பயாப்ஸி அறிக்கையில் கட்டியின் வகை, தரம், விளிம்பு என்று எழுதுகிறார்கள். கூடவே வெள்ளணுக்கள் உள்ளே இருக்கின்றனவா, வெளியே நிற்கின்றனவா, நார் எவ்வளவு அடர்த்தி என்று இரண்டு வரி எழுத ஆகும் செலவு நிபுணரின் ஐந்து நிமிடம். நிலத்தை விற்று இம்யூனோதெரபிக்குப் பணம் புரட்டும் குடும்பத்துக்கு, பலன் கிடைக்குமா என்று கணிக்க அந்த இரண்டு வரியும் ஒரு துணை. அது இல்லாமல் ஊசிக்குக் கையெழுத்துப் போடச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. லோசார்ட்டன் போன்ற பழைய மாத்திரைகளை வாய்ப்புற்றில் முறையாகச் சோதிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பணம் ஒதுக்கலாம். அடையாறு புற்றுநோய் மையம் போன்ற அனுபவமுள்ள இடங்கள் இங்கேயே இருக்கின்றன. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013இலிருந்து தடை. அந்தத் தடை புகையிலையைத்தான் பார்க்கிறது. வாசனைப் பாக்கும் பாக்குத்தூளும் பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகின்றன. தாம்பூலத்தின் மரியாதைக்கு நான் எதிரியல்ல. முகூர்த்தத்துக்கு நிச்சயத் தட்டில் இருக்கட்டும். ஐந்து ரூபாய் பாக்கெட்டில், படம் போட்ட எச்சரிக்கைகூட இல்லாமல், பதினைந்து வயதுப் பையன் கையில் இருக்க வேண்டாம்.

வீட்டில் பாக்கு, மாவா, பான் மசாலா பழக்கம் உள்ளவர் யாராவது இருந்தால் இன்று சாப்பாட்டுக்கு முன் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும்படி கையைத் திருப்பி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பார்க்கட்டும். நுழையாவிட்டால் அடுத்த பாக்கைப் போடாமல் நேராகப் பல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.